வீட்டுல கார் சார்ஜர் மாட்டப் போறீங்களா? பெட்டிய பாக்குறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துடுங்க

எலக்ட்ரிக் கார் புக் பண்ணின கையோட எல்லாரும் கேக்குறது ஒரே கேள்விதான், எத்தன கிலோவாட் சார்ஜர் வாங்கலாம்? நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். பெருசா வாங்கினா சீக்கிரம் ஏறும்னு நெனச்சுக்கிட்டு ரெண்டு வாரம் 22 கிலோவாட் பெட்டிங்க படமா பாத்துட்டு கெடந்தேன், கடைசில பாத்தா என் கார் எடுத்துக்கறதே 7.2தான். அதனால புதுசா வாங்குறவங்களுக்கு நான் சொல்றது, பெட்டிய கடைசியா பாருங்க, முதல்ல ஒரு பேப்பரும் பேனாவும் எடுங்க.

முதல் வேலை: ஒரு நாளைக்கு எவ்ளோ ஓட்டுறீங்கன்னு எழுதுங்க

கார் பேட்டரி 60 யூனிட்டா 40 யூனிட்டாங்கறது இங்க முக்கியமில்ல, தினமும் ராத்திரி காலியான பேட்டரிய ரொப்பப் போறதில்லயே, அன்னிக்கு ஓட்டினத மட்டும்தான் திருப்பி ஏத்தப் போறோம். சுமாரான சைஸ் கார் 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் போல குடிக்கும் (ஒரு யூனிட்னா ஒரு கிலோவாட் ஹவர், கரண்ட் பில்லுல வர்ற அதே யூனிட்). தினம் 40 கிலோமீட்டர்னா 6 யூனிட், சார்ஜ் ஆகும்போது சூடா வீணாப் போறது ஒரு பத்து பதினஞ்சு சதவீதம், ஆக 7 யூனிட்னு வச்சுக்கோங்க. 230 வோல்ட்டுல வெறும் 10 ஆம்ப்ஸ் இழுத்தாலே 2.3 கிலோவாட், மூணு மணி நேரத்துல வேலை முடிஞ்சுது, கார் ராத்திரி பத்து மணி நேரம் சும்மாதான் நிக்குது!

தினம் 100 கிலோமீட்டர் ஓடுறவங்களுக்கு 17 யூனிட் வேணும், 16 ஆம்ப்ஸ்னா அஞ்சு மணி நேரத்துக்குள்ள ஏறிடும். சாயங்காலம் பேட்டரி காலியா வந்து நின்னு மறுநாள் காலைல திரும்ப ஃபுல்லா கெளம்பணும்ங்கற ஆளுக்கு மட்டும்தான் 32 ஆம்ப்ஸ் அதாவது 7.4 கிலோவாட் நெஜமாவே தேவை, 60 யூனிட் பேட்டரி அதுல ஒரு ராத்திரில ரொம்பிடும், 16 ஆம்ப்ஸ்ல மறுநாள் மதியம் தாண்டிடும். பெட்ரோலும் பிளக்கும் சேந்த பிளக்-இன் ஹைபிரிட் வச்சிருக்கீங்களா, பெரும்பாலும் பேட்டரி 10லேர்ந்து 20 யூனிட்குள்ளதான் இருக்கும், நெறைய மாடல் 3.7 கிலோவாட்டுக்கு மேல வாங்கவே வாங்காது, நீங்க பெரிய பெட்டி பக்கமே போக வேணாம்.

ரெண்டாவது வேலை: கார் மேனுவல்ல ஆன்போர்டு சார்ஜர் அளவ தேடுங்க

இங்கதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க, கொஞ்சம் நிதானமா படிங்க. வீட்டுக்கு வர்றது ஏசி கரண்ட், பேட்டரிக்கு வேணும்ங்கறது டிசி. அத மாத்துற சார்ஜர் காருக்குள்ளயே இருக்கு, அதுக்குப் பேருதான் ஆன்போர்டு சார்ஜர். செவுத்துல மாட்டுறோமே அது உண்மைல சார்ஜரே இல்ல, ஒரு வாட்ச்மேன் மாதிரி. வயர்ல ஒரு சின்ன சிக்னல் அனுப்பி "தம்பி, இங்க இவ்ளோ ஆம்ப்ஸ் வரைக்கும் எடுத்துக்கலாம்"னு கார்கிட்ட சொல்லும், எர்த் சரியா இருக்கா பிளக் சரியா மாட்டியிருக்கான்னு பாத்துட்டு அப்புறம்தான் கரண்ட தொறந்து விடும். எவ்ளோ எடுக்கறதுங்கறது காரோட முடிவு, பெட்டி சொல்ற அளவத் தாண்ட மட்டும் கூடாது.

இப்போ கணக்கு. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தரோட கார் சிங்கிள் ஃபேஸ்ல (கரண்ட் ஒரே லைன்ல வர்றது, மூணு லைன்ல வந்தா த்ரீ ஃபேஸ்) 7.4 கிலோவாட் எடுக்கும், அதாவது ஒரே வயர்ல 32 ஆம்ப்ஸ். அவர் 11 கிலோவாட் த்ரீ ஃபேஸ் பெட்டி வாங்கினாரு, 11 பெருசு 7 சின்னது தாராளமா போதும்னு. மாட்டினப்புறம் பாத்தா காருக்குள்ள 3.7தான் போகுது. பெட்டில கோளாறுன்னு ஒரே சண்டை, ஆனா பெட்டி சரியாத்தான் இருக்கு. 11 கிலோவாட்டுங்கறது மூணு ஃபேஸ்லயும் தலா 16 ஆம்ப்ஸ், அவர் காரு தொடுறது ஒரே ஒரு ஃபேஸ், அதுல 16 ஆம்ப்ஸ்னா 3.7தானே வரும். பேசாம சின்ன 7.4 பெட்டிய வாங்கியிருந்தா ரெண்டு மடங்கு வேகம்.

இதுவே தலைகீழாவும் நடக்கும். கார் 11 கிலோவாட் த்ரீ ஃபேஸ், வீட்டுல சிங்கிள் ஃபேஸ், 7.4 பெட்டி மாட்டினா 7.4 வருமான்னா காரப் பொறுத்தது, சில கார் ஒரு ஃபேஸ்ல 32 வரைக்கும் இழுக்கும், சிலது 16லயே நின்னுடும். அதனால மேனுவல்ல கிலோவாட்ட மட்டும் பாக்காதீங்க, எத்தன ஃபேஸ், ஒரு ஃபேஸுக்கு எத்தன ஆம்ப்ஸ், இந்த ரெண்டு நம்பரயும் குறிச்சுக்கோங்க. கார், பெட்டி, வீட்டு லைன் மூணுல எது கம்மியோ அதான் உங்க வேகம்.

மூணாவது: வீட்டு லைன் தாங்குமா?

32 ஆம்ப்ஸ்ங்கறது மணிக்கணக்கா நிக்காம ஓடுற லோடு. ஹீட்டர் அஞ்சு நிமிஷம் ஓடி நிக்குற கதையில்ல இது. அமெரிக்க வயரிங் விதில இந்த மாதிரி லோடுக்கு 125 சதவீதம் கணக்கு போட சொல்லுவாங்க, 32 ஆம்ப்ஸ் சார்ஜிங்னா 40 ஆம்ப்ஸ் பிரேக்கர். உங்க ஊர் விதி வேறயா இருக்கலாம், அத எலக்ட்ரீஷியன் சொல்லுவாரு. வீட்டுக்கு வாங்கியிருக்க லோடு எவ்ளோ, ஏசி அடுப்பு வாட்டர் ஹீட்டர் எல்லாம் ஒண்ணா ஓடுற நேரத்துல எவ்ளோ மிச்சம்னு பாருங்க. மிச்சம் கம்மின்னா உடனே லோடு கூட்ட ஓட வேணாம், லோடு பேலன்சிங் இருக்க பெட்டி கெடைக்குது, மெயின் லைன்ல ஒரு சென்சார மாட்டிடுவாங்க, வீட்டுல செலவு ஏறும்போது காருக்கு போறத தானா கொறச்சுடும். என்னக் கேட்டா காசு போட வேண்டிய வசதி இது ஒண்ணுதான்.

நாலாவது: பிளக்குல குத்துறதா, செவுத்துல மாட்டுறதா?

கூடவே வர்ற போர்ட்டபிள் கேபிள் (நடுவுல செங்கல் மாதிரி ஒரு டப்பா இருக்குமே) கொஞ்சமா ஓட்டுறவங்களுக்கு போதும்னு முதல் கணக்குலயே பாத்தோம். ஆனா சாதா பிளக் பாயிண்ட் ராத்திரி முழுக்க ஃபுல் லோடு தாங்கறதுக்குன்னு செஞ்சது இல்ல. பிளக் பின்னு லூசா தொட்டுட்டு இருந்தா அங்க சூடாகும், அந்த சூடு ஆம்ப்ஸோட வர்க்கத்துல ஏறும், 10 ஆம்ப்ஸ்ல வர்ற சூடு 16 ஆம்ப்ஸ்ல ரெண்டரை மடங்கு. என் வீட்டு பழைய சாக்கெட் மூணே வாரத்துல பழுப்பாயிடுச்சு, நல்லவேளை மூக்குல வாசன பட்டுச்சு. பிளக்குதான்னா அதுக்குன்னு தனி லைன் இழுத்து நல்ல கனமான சாக்கெட் போடுங்க, ஆம்ப்ஸ கொறச்சு வைங்க, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கண்டிப்பா வேணாம், சுருட்டி வச்ச வயர் ரீல் அதவிட மோசம்.

அஞ்சாவது: வயரும் பாதுகாப்பும்

பெட்டில மிச்சம் புடிச்ச காச இங்க போடுங்க. மெயின் போர்டுலேர்ந்து சார்ஜருக்கு தனி லைன், தனி பிரேக்கர், நடுவுல வேற எதுவும் தொங்கக் கூடாது. 32 ஆம்ப்ஸுக்கு 6 ஸ்கொயர் எம்எம் காப்பர் வயர் பரவலா போடுறாங்க, தூரம் அதிகம்னா 10. ஒரு சின்ன கணக்கு, 30 மீட்டர் தூரத்துக்கு 6 ஸ்கொயர் எம்எம் போட்டா போகவர 60 மீட்டர் வயர், அதுலயே 180 வாட் கிட்ட சும்மா சூடாப் போகும்.

கசிவு கரண்ட் வந்தா 30 மில்லி ஆம்ப்ஸ்ல ட்ரிப் ஆகுற ஆர்சிடி வேணும். அதுலயும் ரகம் இருக்கு, கார்லேர்ந்து டிசி கசிவு வந்தா சாதா ஆர்சிடி குருடாயிடும், இருக்கற மாதிரியே இருக்கும் ஆனா ஆபத்துல வேலை செய்யாது. அதனால பெட்டிக்குள்ளயே 6 மில்லி ஆம்ப்ஸ் டிசி கண்டுபிடிக்கற வசதி இருந்தா வெளிய டைப் ஏ போதும், இல்லன்னா டைப் பி போடணும், அது வெல ஜாஸ்தி. டைப் ஏசின்னு ஒண்ணு இருக்கு, காருக்கு அது ஆகாது. வாங்குறப்போ இந்த ஒரு கேள்விய கேளுங்க, விக்குறவரு முழிச்சா வேற எடம் பாருங்க.

எர்த் சரியில்லன்னா பெட்டி செகப்பு லைட்ட போட்டுட்டு உக்காந்துக்கும், அத ஏமாத்துறதுக்கு குறுக்கு வழி சொல்றவங்கள வீட்டுக்குள்ள விடாதீங்க.

ஆறாவது: பிளக் வகை, கேபிள் நீளம்

ஐரோப்பா, இந்தியா பக்கமெல்லாம் ஏழு பின் டைப் 2. வட அமெரிக்காவுல அஞ்சு பின் டைப் 1, இப்போ டெஸ்லா பிளக்கும் ஜே3400ங்கற பேர்ல பொதுவாயிட்டு வருது. சைனாவுக்கு தனி. சிசிஎஸ் அது இதுன்னு பயமுறுத்துறதெல்லாம் ரோட்டோர டிசி பாஸ்ட் சார்ஜிங் சமாச்சாரம், வீட்டுக்கு தேவையில்ல.

கேபிள் நீளத்துக்கு ஒரு கயித்த எடுத்து பெட்டி மாட்டுற எடத்துலேர்ந்து கார் சார்ஜிங் மூடி வரைக்கும் தரையோட அளந்து பாருங்க, காரை முன்பக்கம் பின்பக்கமா திருப்பி நிறுத்தியும் ஒரு தடவ. 5 மீட்டர் பத்தும்னு தோணும், பத்தாது. கேபிள் பெட்டியோடவே சேந்து வர்றது தினசரிக்கு வசதி, தனியா கழட்டுறதுன்னா கார் மாத்தும்போது சுலபம். நான் சோம்பேறி, சேந்து வர்றதுதான்.

ஏழாவது: மிச்ச சொச்சம்

வெட்டவெளில மாட்டுறதா இருந்தா ஐபி54 இல்ல ஐபி65 (தூசி தண்ணி எவ்ளோ தாங்கும்னு சொல்ற நம்பர்) போட்ட பெட்டியா பாருங்க. ஆப், வைஃபை எல்லாம் இருந்தா நல்லது, இல்லன்னாலும் ஒண்ணும் மூழ்கிடாது, நேரம் வச்சு சார்ஜ் பண்ற வசதி நெறைய கார்லயே இருக்கு. வைஃபை போனாலும் பெட்டி சார்ஜ் பண்ணுமான்னு மட்டும் கேட்டுக்கோங்க. சோலார் வச்சிருக்கவங்க ஒண்ணு கவனிங்க, பெட்டி காருக்கு அனுப்புதுன்னு சொன்னேனே அந்த சிக்னல்ல கம்மி அளவே 6 ஆம்ப்ஸ்தான், சிங்கிள் ஃபேஸ்ல 1.4 கிலோவாட், த்ரீ ஃபேஸ்ல 4.1. மேகமா இருக்க நாள்ல த்ரீ ஃபேஸ் பெட்டி வெயில மட்டும் வச்சு ஆரம்பிக்கவே மாட்டேங்கும், சிங்கிளுக்கு மாறிக்கற வசதி இருக்கான்னு பாருங்க.

மாட்டினப்புறம் முதல் ராத்திரி

பெட்டில ஆம்ப்ஸ் செட்டிங் நீங்க போட்ட பிரேக்கருக்கும் வயருக்கும் ஏத்த மாதிரி இருக்கான்னு எலக்ட்ரீஷியன் கெளம்புறதுக்கு முன்னாடியே கூட நின்னு பாருங்க, சில பெட்டில அது உள்ள ஒரு குட்டி ஸ்விட்ச்சுல இருக்கும். ஆர்சிடில டெஸ்ட் பட்டன அமுக்கி ட்ரிப் ஆகுதான்னு பாத்துட்டு சார்ஜிங் போடுங்க. அர மணி நேரம் கழிச்சு போய் பிளக்கு, சாக்கெட், பிரேக்கர் முகப்பு மூணையும் புறங்கையால தொட்டுப் பாருங்க. வெதுவெதுப்புன்னா பரவால்ல. கை வைக்க முடியாத சூடுன்னா அப்பவே நிறுத்திட்டு காலைல எலக்ட்ரீஷியன திரும்ப கூப்புடுங்க, பெரும்பாலும் ஏதோ ஒரு ஸ்க்ரூ சரியா டைட் பண்ணாம விட்டிருப்பாங்க.