மேனேஜர் திடீரென்று மாறிவிட்டால் முதல் சில வாரங்கள்

காலையில் ஒரு மெயில் வருகிறது, இனிமேல் உங்கள் மேனேஜர் வேறொருவர் என்று. உடனே எல்லோரும் புதியவர் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்க ஓடுவார்கள். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பழையவரைப் பிடியுங்கள்.

அவர் வாய்வார்த்தையாகச் சொன்னதெல்லாம் அவரோடு போய்விடும். பிரமோஷனுக்குப் பரிந்துரைக்கிறேன் என்றது, வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்றது, அடுத்த மாத லீவுக்குச் சரி என்று தலையாட்டியது, எதுவும் புதியவருக்குத் தெரியாது. அதனால் அவர் கிளம்புவதற்குள் "நாம் பேசியது இவைதானே?" என்று ஒரு மெயில் போட்டு, ஆமாம் என்ற ஒரு வரி பதிலையாவது வாங்கிவிடுங்கள். அவர் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் பில்கள், லீவு விண்ணப்பங்களையும் அப்போதே முடித்துக்கொள்ளுங்கள்.

வருட நடுவில் மாற்றம் வந்தால் இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு ஒருமுறை பத்து மாதம் ஒருவரிடமும் கடைசி இரண்டு மாதம் இன்னொருவரிடமும் வேலை. முதல் பத்து மாதத்தைப் பற்றி எங்கும் ஒரு வரிகூட இல்லாததால், அப்ரைசலில் அந்த இரண்டு மாதத்துக்குத்தான் மதிப்பு கிடைத்தது. புதியவரைக் குறை சொல்லவும் முடியாது, அவர் பார்த்தது அவ்வளவுதான். அதனால் அதுவரையான வேலைக்கு ஒரு மதிப்பீடு எழுதி வைத்துவிட்டுப் போகச் சொல்லிப் பழையவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். அவர் ஏற்கெனவே போய்விட்டாரா? பாராட்டி வந்த பழைய மெயில்களையும் முடித்த வேலைகளின் பட்டியலையும் இன்றே ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.

புதியவருடனான முதல் சந்திப்புக்கு ஒரே ஒரு பக்கம் தயார் செய்துகொண்டு போங்கள். கையில் என்னென்ன வேலை, எது எந்தத் தேதிக்குள், எது யாரிடம் சிக்கி நிற்கிறது, அவர் முடிவெடுக்க வேண்டியது எது, இவ்வளவு போதும். அவருக்கும் அது பெரிய உதவி, ஏனென்றால் அந்த வாரம் அவரும் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல்தான் இருப்பார். பிறகு கேளுங்கள்: நிலவரத்தை மெயிலில் சொல்லவா, நேரில் சொல்லவா? எதையெல்லாம் உங்களைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும், எதை நானே முடிக்கலாம்? இந்த இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டுவிட்டுப் பிறகு "ஏன் என்னிடம் சொல்லவில்லை" என்ற பேச்சு வாங்கியவர்கள் நிறையப் பேர்.

"முன்னாடி இருந்தவர் இப்படித்தான் செய்யச் சொல்வார்" என்பதை மட்டும் தவிருங்கள். பழைய முறைதான் நல்லது என்று தோன்றினால் அதற்கான காரணத்தைச் சொல்லுங்கள், ஆள் பெயர் வேண்டாம். நேற்றுவரை பக்கத்து இருக்கையில் இருந்த நண்பரே மேனேஜராகிவிட்டால், அலுவலக விஷயத்தில் எப்படி நடந்துகொள்வது என்று இருவரும் தனியாக உட்கார்ந்து ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

ஒரு மாதம் ஆனதும் பத்து நிமிடம் நேரம் கேட்டு, என் வேலையில் எதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். அவர் சொல்வதை அன்றைக்கே தேதி போட்டு எழுதி அவருக்கே அனுப்பிவிடுங்கள்.