பழைய கல்யாணப் பத்திரிகையில் ஒரு போர்டு கேம்

போர்டு கேம் என்றதும் வேலூரில் பல வீடுகளில் தாயம், கேரம், பிசினஸ் என்று மூன்றோடு பேச்சு முடிந்துவிடும். புது ரக ஆட்டங்களை அறிமுகப்படுத்த ஆசைப்பட்டால், எடுத்த எடுப்பிலேயே காசைக் கொட்டிப் பெட்டி வாங்காதீர்கள். கோட்நேம்ஸில் தொடங்குங்கள். செக் நாட்டு விளாடா ஹ்வாட்டில் உருவாக்கி 2015இல் வந்த ஆட்டம். மறு வருடமே ஜெர்மனியின் 'ஷ்பீல் டெஸ் யாரெஸ்' விருது வாங்கியது. சொல் விளையாட்டுதான், அதனால் தமிழிலேயே வீட்டில் செய்துகொள்ளலாம்.

முதலில் அட்டை. பரணில் கிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளை விசிட்டிங் கார்டு அளவுக்கு வெட்டுங்கள். சாதாரணத் தாள் சரிப்படாது. நம் ஊர் வெயிலில் ஃபேனை நிறுத்த யார் சம்மதிப்பார்கள்? ஐம்பது அட்டையாவது வேண்டும். வெற்றுப் பக்கத்தில் ஆளுக்கொரு பேனாவோடு உட்கார்ந்து அட்டைக்கு ஒரு சொல் எழுதுங்கள்: கோட்டை, அகழி, பாலாறு, தோல், முள்ளுக்கத்திரி, பேடா. மாலை, படி, திங்கள் மாதிரி இரட்டை அர்த்தச் சொற்களைத் தாராளமாகச் சேருங்கள். ருசியே அங்கேதான்.

அடுத்து சாவி, அதாவது எந்தச் சொல் எந்த அணிக்கு என்று நிறத்தால் காட்டும் அட்டை. இன்னொரு அட்டையில் 5க்கு 5 கட்டம் போட்டு 9 சிவப்பு, 8 நீலம், 7 வெள்ளை, 1 கறுப்பு என்று கலந்து நிரப்புங்கள். திருப்பித் திருப்பி வைத்தால் ஒரே சாவி நாலு ஆட்டத்துக்கு வரும். ஊகித்த சொற்களை மூட அதே நிறங்களில் சார்ட் துண்டுகள் போதும்.

இனி ஆட்டம். குறைந்தது நாலு பேர், சிவப்பு, நீலம் என்று இரண்டு அணி. 25 சொற்களைச் சாவியில் உள்ளதுபோல 5க்கு 5 ஆகப் பரப்புங்கள். அணிக்கு ஒரு துப்புக்காரர். சாவியை அவர்கள் இருவர் மட்டும் பார்க்கலாம். சிவப்பு அணி தொடங்கும். துப்பு என்பது ஒரு சொல், ஓர் எண், அவ்வளவுதான். 'தண்ணீர், 2' என்றால் அகழியும் பாலாறும் என்று அவர் கணக்கு. அணியினர் அகழியைத் தொட்டுவிட்டு, "பாலாத்துல ஏதுப்பா தண்ணி?" என்று தோலுக்குத் தாவுவார்கள். அவர் வாயைத் திறக்கக் கூடாது, முகமும் மாறக் கூடாது. அதனால் வாயாடியையே துப்புக்காரர் ஆக்குங்கள்.

சொன்ன எண்ணுக்கு மேல் ஒன்றுவரை ஊகிக்கலாம். வேறு நிறம் வந்தால் முறை போச்சு. கறுப்பைத் தொட்டால் ஆட்டமே போச்சு. தன் சொற்களை முதலில் முடிக்கும் அணிக்கு வெற்றி. மேசையில் 'கோட்டை' திறந்திருக்கும்போது 'கோட்டைவாசல்' என்று துப்புச் சொல்லக் கூடாது. இதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மாமாவும் மச்சானும் சண்டைக்குப் போய்விடுவார்கள். மற்ற விதிகளை ஆடிக்கொண்டே சொல்லலாம். விதி வாசிக்கத் தொடங்கினால் பாதிப்பேர் போனை எடுத்துவிடுவார்கள்.

"இன்னொரு ஆட்டம்" என்று அவர்களாகக் கேட்டபிறகு பெட்டி வாங்குங்கள். என் ஓட்டு கார்கசோனுக்கு: 2000இல் வந்தது, 72 ஓடுகளைச் சேர்த்து ஊரும் சாலையும் கட்டுவது, ஐந்து பேர்வரை ஆடலாம். ஓடுகளில் படம் மட்டும்தான், அதனால் ஆங்கிலம் தெரியாத பாட்டியையும் உட்கார வைக்கலாம்.