வீவக வீட்டுக்கு வயரிங்: மொத்த விலையைக் கேட்காதீர்கள், பாயிண்ட்டை எண்ணுங்கள்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய மறுவிற்பனை வீடு வாங்கிச் சாவி கைக்கு வந்ததும் எல்லாரும் கேட்பது, "நாலறை வீட்டுக்கு வயரிங் செய்ய எவ்வளவு ஆகும்?" என்றுதான். ஒருவர் 2,000 வெள்ளி என்பார், அடுத்தவர் 4,500 என்பார், இரண்டு பேர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். முதலாமவர் இருபத்தைந்து பாயிண்ட்டுக்கு (விளக்கு, விசிறி, பிளக் என்று மின்சாரம் வந்து சேரும் ஒவ்வொரு இடமும் ஒரு பாயிண்ட்), வயரைச் சுவரின் மேற்பரப்பில் கேசிங் என்ற உறைக்குள் ஓட்டி, பழைய டிபி பாக்ஸை (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்து அனுப்பும் சுவிட்ச் பெட்டி) அப்படியே விட்டுவிட்டுச் செய்வதற்கான விலையைச் சொல்லியிருப்பார். இரண்டாமவர் நாற்பது பாயிண்ட், சுவரை வெட்டி உள்ளே பதிப்பது, புது டிபி பாக்ஸ் எல்லாம் சேர்த்துச் சொல்லியிருப்பார். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது மலிவு என்று பார்ப்பதில் பயனே இல்லை.

அதனால் குத்தகையாளருக்கு ஃபோன் போடுவதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்து எண்ணுங்கள். படுக்கையறை ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, ஒரு மின்விசிறி, கட்டிலின் இரண்டு பக்கமும் பிளக், படிக்கும் மேசைக்கு ஒன்று. கூடத்தில் டிவி, வைஃபை பெட்டி, சோஃபா பக்கம் சார்ஜர். குளியலறை இரண்டிலும் விளக்கும் ஹீட்டரும். சமையலறைக்கு வந்தால் நிதானமாக எண்ணுங்கள், ஏனென்றால் நம் வீடுகளில் எப்போதும் குறைவாகப் போடுவது அங்கேதான். கிரைண்டர், மிக்சி, ரைஸ் குக்கர், கெட்டில், ஃபிரிட்ஜ், ஓவன், புகைபோக்கி, வாஷிங் மெஷின் என்று ஒவ்வொன்றுக்கும் நிற்கும் இடத்தை முடிவு செய்துவிட்டுப் பிளக்கைக் குறியுங்கள். பூசை மாடத்துக்கு ஒரு விளக்கு பாயிண்ட், ஒரு பிளக். தீபாவளிக்கு ஜன்னலோரம் விளக்குச் சரம் போடுகிறவர்கள் அங்கேயும் ஒன்று. இப்படி எண்ணினால் நாலறை வீட்டில் சாதாரணமாக நாற்பதைத் தாண்டிவிடும். மலிவான பேக்கேஜில் இருபத்தெட்டுதான் என்றால் மீதிப் பன்னிரண்டும் கூடுதல் பாயிண்ட் கணக்கில் வரும். ஒன்றுக்கு 90 வெள்ளி என்றாலே 1,080 வெள்ளி, அந்தப் பேக்கேஜின் மலிவு அங்கேயே போய்விட்டது.

சந்தையில் சொல்லப்படும் விலைகளை வைத்து ஒரு தோராயக் கணக்கு சொல்கிறேன். விளக்கு பாயிண்ட் 40 முதல் 80 வெள்ளி, இரட்டை 13 ஆம்பியர் பிளக் 70 முதல் 120, ஹீட்டர் அல்லது ஏசிக்குத் தனி இணைப்பு 120 முதல் 200, புது டிபி பாக்ஸ் 300 முதல் 600. வீடு முழுக்கப் புது வயரிங் என்றால் மூவறைக்கு 1,800 முதல் 3,000, நாலறைக்கு 2,200 முதல் 3,800, ஐந்தறைக்கு 2,800 முதல் 4,800 வரை எதிர்பார்க்கலாம். சுவருக்குள் பதிப்பதும் பாயிண்ட் எண்ணிக்கையும் கூடினால் இதற்கு மேலும் போகும். புது பிடிஓ வீட்டுக்கு (முன்பதிவின் பேரில் வீவக புதிதாகக் கட்டித் தரும் வீடு) இதெல்லாம் தேவையே இல்லை. அங்கே வயரிங் ஏற்கெனவே இருக்கிறது, வேண்டிய இடத்தில் பாயிண்ட் கூட்டினால் போதும், முழு ரீவயரிங் என்று யாராவது விலை போட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பழைய வீட்டில் முதலில் திறந்து பார்க்க வேண்டியது டிபி பாக்ஸ். உள்ளே சிவப்பு, கருப்பு வயர் இருந்தால் அது பழைய வண்ண முறை, 2009-க்குப் பிறகு வந்தது பழுப்பும் நீலமும். வண்ணம் பழையது என்பதற்காக உடனே ஆபத்து என்று அர்த்தமில்லை, வயரின் வயதுக்கு அது ஒரு அடையாளம், அவ்வளவுதான். அடுத்து மெயின் சுவிட்ச். 1994-க்கு முன் கட்டிய பல வீவக வீடுகளில் 30 ஆம்பியர்தான் இருக்கும், புதியவற்றில் 40. நம் மின்சாரம் 230 வோல்ட், ஆக 30 ஆம்பியர் என்றால் 6.9 கிலோவாட், 40 என்றால் 9.2. சாயங்காலம் இரண்டு குளியலறையிலும் ஆளுக்கொரு 3 கிலோவாட் உடனடி ஹீட்டர் ஓட, கூடத்தில் ஏசி ஓட, சமையலறையில் கெட்டிலும் போட்டால் 30 ஆம்பியர் தாங்காது. 40-க்கு மாற்ற வேண்டுமென்றால் லைசென்ஸ் உள்ளவர் மூலமாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும், உள்ளே வரும் மெயின் கேபிளையும் மாற்ற வேண்டி வரலாம், அதற்குத் தனிச் செலவு. கொட்டேஷனில் இது இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள், வேலை பாதியில் இருக்கும்போது தெரியவந்தால் பேரம் பேச இடமிருக்காது.

அதே பாக்ஸில் ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரம் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் துண்டித்து உயிரைக் காப்பாற்றும் கருவி அது, வீடுகளுக்கு 30 மில்லி ஆம்பியரில் போடுகிறார்கள். 1985 ஜூலைக்கு முன் கட்டிய வீடுகளில் இல்லாமல் இருக்கலாம். ஆனால் 2025 ஜூலை 1 முதல் எல்லாக் குடியிருப்புகளிலும் கட்டாயம். பணம் இறுக்கமாக இருந்தால் அலங்கார விளக்கைக் குறையுங்கள், கூடத்துக்கு எல்இடி பட்டை வேண்டாம் என்று சொல்லுங்கள், டிபி பாக்ஸிலும் ஆர்சிசிபியிலும் வயர் தரத்திலும் ஒரு வெள்ளிகூடக் குறைக்காதீர்கள். விளக்கை அடுத்த வருடமும் மாட்டலாம், பாலஸ்தியர் ரோட்டில் விளக்குக் கடைகளுக்குக் குறைவில்லை.

செலவு நிஜமாகக் குறையும் இடங்களும் உண்டு. சுவரை வெட்டிப் பதிப்பதற்குக் கூலி அதிகம், பிறகு பூச்சு, பெயின்ட் என்று தொடரும். அதோடு வீவக வீட்டில் கான்கிரீட் கட்டமைப்புச் சுவர், தூண், உத்திரம், பாம் ஷெல்டர் சுவர் எதையும் வெட்ட அனுமதி கிடையாது. சமையல் அலமாரிக்குப் பின்னாலும் துணி அலமாரிக்குப் பின்னாலும் வயர் கேசிங்கில் ஓடினால் யார் கண்ணுக்கும் தெரியப் போவதில்லை, பொய்க்கூரை போடுகிறவர்கள் அதற்கு மேலே ஓட்டிவிடலாம், கண்ணில் படும் சுவரில் மட்டும் பதியுங்கள். தச்சரின் வரைபடம் கையில் வந்த பிறகே பாயிண்ட் இடத்தை முடிவு செய்யுங்கள். ஓடு பதித்து முடிந்தபின் ஒரு பிளக்கை அரை அடி நகர்த்துவது, புதிதாக ஒன்று போடுவதைவிட அதிகமாகவே இழுக்கும். அடுப்பு கேஸ் என்றால் இண்டக்ஷனுக்கான தனி இணைப்பு தேவையில்லை, தினமும் தோசை சுடும் வீட்டில் பெரும்பாலும் கேஸ்தானே. ஏசி பொருத்துபவர் தரும் விலையில் பவர் பாயிண்ட் சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள், சில நேரம் இரண்டு பேருமே அதற்குப் பணம் போட்டிருப்பார்கள், சில நேரம் ஒருவருமே போட்டிருக்க மாட்டார்கள்.

யாரிடம் கொடுப்பது? எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் இல்லாதவர் வயரிங் வேலை செய்வது சட்டப்படி குற்றம். உரிமம் உள்ளவர்களின் பட்டியலை ஆணையத்தின் இணையத்தளத்தில் தேடலாம். பெயர், உரிம எண் இரண்டையும் கேட்டு வாங்கி அங்கே சரிபாருங்கள். வீட்டு வேலைக்கு 45 கேவிஏ (மின்சுமையின் அளவு) வரை கையாளும் 'எலெக்ட்ரிஷியன்' நிலை உரிமமே போதும், இன்ஜினியர் வர வேண்டும் என்று கூடுதல் பணம் கேட்டால் ஏன் என்று கேளுங்கள். "அண்ணே, நம்மாளு ஒருத்தர் இருக்கார், பாதி விலைக்குச் செய்வார்" என்று தெரிந்தவர் சொன்னாலும் உரிம எண்ணைக் கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல தொழிலாளி அதற்குக் கோபப்பட மாட்டார்.

கொட்டேஷன் மூன்று வாங்குங்கள், மூவரிடமும் நீங்கள் எண்ணிய அதே தாளைக் கொடுங்கள். ஒவ்வொரு பாயிண்ட்டுக்கும் விலை, வயரின் அளவு, சுவிட்சின் பிராண்ட், பழைய வயரை அகற்றும் கூலி, குப்பை அள்ளும் கூலி, வெட்டிய சுவரைப் பூசுவது யார் என்பது எல்லாம் எழுத்தில் வேண்டும். வயர் அளவு பொதுவாக விளக்குக்கு 1.5 சதுர மில்லிமீட்டர், பிளக்குக்கு 2.5, ஹீட்டருக்கு 4. அடியில் 9% ஜிஎஸ்டி போட்டிருந்தால் அந்த நிறுவனம் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்ததா என்று பாருங்கள், பதிவு செய்யாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. வேலை நேரத்தையும் பேசிக்கொள்ளுங்கள். சுவர் வெட்டுவது, துளையிடுவது போன்ற சத்தமான வேலையை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரைதான் செய்யலாம், சனிக்கிழமையில் கூடாது. சனிக்கிழமையும் சேர்த்து நாள் கணக்குப் போட்டால் பிறகு தாமதம்தான்.

பணத்தை வேலைக்குத் தகுந்தபடி பகுதி பகுதியாகக் கொடுங்கள், கடைசிப் பத்து சதவீதத்தைச் சோதனை முடியும்வரை கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள், ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் மின்சாரம் உடனே போக வேண்டும், அதைப் பிறகும் மாதம் ஒருமுறை செய்யுங்கள். டிபி பாக்ஸில் எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். வயர் ஓடும் பாதையைச் சுவர் பூசுவதற்கு முன்பே அறை அறையாகப் படம் எடுத்து வையுங்கள், பின்னாளில் அலமாரி மாட்டத் துளை போடும்போது அது இல்லாமல் முடியாது.