சிவிதா தி பாஞ்யோரேஜோ போகிறீர்களா? முதலில் பஸ் நேரம் பாருங்கள்

ரோமுக்கு வடக்கே, எரிமலைப் பாறைக் குன்றின் மேல் இருக்கும் இந்தப் பழைய ஊருக்கு நேரடி ரயில் கிடையாது. ரோமிலிருந்து ஓர்வியேத்தோ வரை ரயில். அங்கே ஸ்டேஷன் வாசலிலிருந்து, சிவிதாவுக்குப் பக்கத்து ஊரான பாஞ்யோரேஜோவுக்குப் பஸ். காகித டிக்கெட் என்றால் ரயில் ஏறுமுன் பிளாட்பாரத்து மெஷினில் முத்திரை குத்திவிடுங்கள், இல்லையேல் அபராதம். பஸ் டிக்கெட்டை ஸ்டேஷன் காபிக் கடையிலேயே, திரும்பி வருவதற்கும் சேர்த்து வாங்குங்கள்.

பலர் மாட்டிக்கொள்வது ஞாயிற்றுக்கிழமையில்தான். அன்றும் அரசு விடுமுறையிலும் இந்தப் பஸ் ஓடாது. டாக்சிக்குத்தான் அழ வேண்டும். மற்ற நாட்களிலும் பஸ்கள் குறைவு. எனவே இறங்கியதுமே கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று டிரைவரிடம் கேட்டுவிடுங்கள்.

பஸ் நிற்குமிடத்திலிருந்து சிவிதாவுக்கு ஏறும் பாலம் சுமார் 2 கி.மீ. தூரத்தில். பாலத்துக்கு முன்பே நுழைவுக் கட்டணம் உண்டு. 1965-இல் கட்டிய அந்த நடைபாலம் ஏறக்குறைய 300 மீட்டர். கடைசிப் பகுதி நல்ல செங்குத்து. நிழல் துளியும் இல்லை, காற்றும் பலமாக அடிக்கும். சக்கரப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஏறுவது வீண் வதை, முதுகுப்பை போதும். உள்ளே கல் பாவிய தெரு மழையில் வழுக்கும். பிடிப்புள்ள ஷூ போடுங்கள். ஓரத்து வேலிகளைத் தாண்டவே கூடாது: அடியில் களிமண் கரைய, மேலே பாறை பெயர்ந்து விழுகிறது.

ஊர் சின்னது, ஒன்றரை மணி நேரம் தாராளம். நண்பகல் கூட்டத்துக்கு முன் காலையிலேயே ஏறிவிடுங்கள்.