குதிப்பில் தசை எவ்வளவு, தசைநாண் எவ்வளவு? கைப்பேசியால் சோதிக்கும் முறை

குதிகாலுக்குச் சற்று மேலே, பின்பக்கம், இரண்டு விரலால் பிடித்துப் பாருங்கள். கயிறு போல் தட்டுப்படுவதுதான் குதிகால் தசைநாண். பேச்சில் இதையும் நரம்பு என்கிறோம். உண்மையில் நரம்பு வேறு, இது வேறு. பிடித்தபடியே மெல்ல நுனிக்காலில் எழுங்கள். கயிறு இறுகும், மேலே ஆடுசதை திரளும்.

திரளும் தசைதான் ஆற்றலை உண்டாக்குகிறது. தசைநாண் தானாக எதையும் உண்டாக்காது. இழுபடும்போது சில சதவீதம் நீண்டு ஆற்றலைச் சேமிக்கும், சுருங்கும்போது அதில் 90 சதவீதம் அளவுக்குத் திருப்பித் தரும். அப்படியானால் அது எதற்கு? வேகமாகச் சுருங்கும் தசையால் அதிக விசை கொடுக்க முடியாது. இதை உடலியங்கியல் ஆய்வாளர் ஏ. வி. ஹில் 1938-இல் அளந்து காட்டினார். உண்டிவில்லை நினைத்துக்கொள்ளுங்கள்: கை மெல்ல இழுக்கிறது, ரப்பர் சட்டென்று எறிகிறது. கால் தரையை விடும் கடைசித் தருணத்தில் கணுக்கால் விரியும் வேகத்துக்கு ஆடுசதையால் தனியே ஈடுகொடுக்க முடியாது. இழுபட்டிருந்த தசைநாண் அங்கே ரப்பரின் வேலையைச் செய்கிறது.

இனி சோதனை. இரண்டு வகையாகக் குதித்து, காற்றில் இருந்த ஃபிரேம்களை, அதாவது வீடியோவின் தனித்தனிப் படங்களை, எண்ணி உயரத்தைக் கணக்கிடப் போகிறோம். கணுக்கால், முழங்காலில் வலி இருப்பவர்கள் இதைச் செய்ய வேண்டாம்.

படி 1: கைப்பேசியைத் தயார் செய்தல்

ஸ்லோ மோஷனை நொடிக்கு 240 ஃபிரேமில் வையுங்கள். பாதத்துக்குப் பக்கவாட்டில், ஒன்றரை மீட்டர் தள்ளி, தரையை ஒட்டி நிறுத்துங்கள். பகல் வெளிச்சம் நல்லது. டியூப்லைட்டில் படம் மினுக்கும். சாதாரணமாக எடுக்கும் 30 ஃபிரேம் வீடியோ இதற்கு உதவாது. அதில் ஒரு ஃபிரேம் தவறினாலே உயரம் சுமார் 4 செ.மீ. மாறிவிடும், 240-இல் அரை செ.மீ. தான். சில கைப்பேசிகள் கோப்பைச் சேமிக்கும்போது ஃபிரேம்களைக் குறைத்துவிடும். ஓடும் ஸ்டாப்வாட்ச் ஒன்றைப் படம்பிடித்து, ஒரு நொடிக்கு 240 வருகிறதா என்று முதலில் எண்ணிவிடுங்கள்.

படி 2: நின்ற குதிப்பு

ஐந்து நிமிடம் உடலைச் சூடாக்குங்கள். கைகளை இடுப்பில் வையுங்கள், கடைசிவரை எடுக்காதீர்கள். முழங்காலை ஏறக்குறைய 90 பாகைக்கு மடக்கி, 3 நொடி அசையாமல் இருந்து, அங்கிருந்தே மேலே குதியுங்கள். மூன்று முறை, நடுவே ஒரு நிமிட ஓய்வு.

பலர் தவறுவது இங்கேதான். குதிக்கும் முன் இடுப்பு தானாக ஒரு அங்குலம் இறங்கும், நமக்கே தெரியாது. இன்னொருவரைப் பக்கத்தில் நின்று இடுப்பைக் கவனிக்கச் சொல்லுங்கள். இறங்கினால் அந்தக் குதிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 3: தாழ்ந்து எழும் குதிப்பு

நேராக நின்று, அதே ஆழத்துக்குச் சட்டென்று தாழ்ந்து, நிற்காமல் குதியுங்கள். இதுவும் மூன்று முறை.

படி 4: கணக்கு

கால் நுனி தரையை விட்ட ஃபிரேமிலிருந்து திரும்பத் தொட்ட ஃபிரேம்வரை எண்ணி 240-ஆல் வகுத்தால் காற்றில் இருந்த நேரம் கிடைக்கும். நேரத்தை நேரத்தால் பெருக்கி, அதை 122.6-ஆல் பெருக்கினால் உயரம் செ.மீ.-இல் வரும். 112 ஃபிரேம் என்றால் 26.7 செ.மீ.; 120 ஃபிரேம் என்றால் 30.7 செ.மீ. முழங்காலை மடக்கிக்கொண்டு இறங்கினால் நேரம் கூடி, இல்லாத உயரம் வரும். கால் நீட்டி, நுனிக்காலில் இறங்கி, தொட்ட பிறகே மடக்குங்கள்.

பெரும்பாலும் நின்ற குதிப்பைவிடத் தாழ்ந்து எழும் குதிப்பு சில செ.மீ. கூடுதலாக இருக்கும். ‘தசைநாண் ஸ்பிரிங் போல் தள்ளியது’ என்றுதான் பல பயிற்சியாளர்கள் இதற்குக் காரணம் சொல்கிறார்கள். அது பாதிதான் சரி. நின்ற குதிப்பில் கால்தசைகள் உடல் எடையைத் தாங்கும் அளவு விசையோடுதான் தொடங்குகின்றன. முழு விசைக்கு ஏற நேரம் வேண்டும். அதற்குள் உடல் ஓரளவு எழுந்துவிடும். தாழ்ந்து குதிக்கையில், இறங்கும் உடலை நிறுத்தவே தசை முறுக்கேறியிருக்கும். எழும்பும் முதல் சென்டிமீட்டரிலேயே பெரும் விசை தயார். கூடுதல் உயரத்தில் பெரும்பங்கு இதிலிருந்துதான் என்பதை 1996-இல் மார்ட்டன் பாபெர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் விளக்கினார்கள்.

படி 5: தசைநாணைத் தனியே பார்க்க

முழங்காலை அதிகம் மடக்காமல், இரு காலாலும் பத்து முறை துள்ளுங்கள். குதிகால் தரையில் படக் கூடாது. ஒவ்வொரு முறையும் தரையில் பாதம் இருந்த ஃபிரேம்களை எண்ணுங்கள். 60-க்குள், அதாவது கால் நொடிக்குள் இருந்தால், ஆடுசதை நார்கள் நீளம் அதிகம் மாறாமல் இறுகிப் பிடித்திருக்க, நீண்டு சுருங்கும் வேலையைப் பெரும்பாலும் தசைநாண் பார்க்கிறது. 60-ஐத் தாண்டினால் முழங்கால் மடங்கி, வேலை தொடைக்குப் போய்விட்டது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

நின்ற குதிப்பே தாழ்வாக இருப்பவருக்கு ஸ்குவாட் (முழங்கால் மடக்கித் தாழ்ந்து எழுவது) போன்ற வலுப்பயிற்சி முதலில். குதிப்பு உயரமாக இருந்தும் துள்ளல் மந்தமாக இருப்பவருக்கு, எடை ஏற்றி மெதுவாக நுனிக்காலில் எழும் பயிற்சியும், பிறகு குறைந்த எண்ணிக்கையில் துள்ளலும். தசை சில வாரங்களில் வலுப்பெறும், தசைநாணுக்கு மாதங்கள் ஆகும். காலையில் எழுந்ததும் குதிகாலின் பின்புறம் விறைத்து வலித்தால், துள்ளலை அன்றே நிறுத்துங்கள்.