கதவைப் பூட்ட அறை இல்லாதவர்கள் ஜெபிப்பது எப்படி?

‘நீயோ ஜெபம்பண்ணும்போது, உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி’ என்று பைபிளில் மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் வரும். சண்டே ஸ்கூலில் இதை மனப்பாடம் செய்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. மும்பை தாராவியில் எங்கள் வீடு ஒரே கோலி, அதாவது ஒற்றை அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் ஆறு பேர், ஒரு தையல் மிஷின், ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். இருந்தது ஒரே கதவு. அதையும் பகலில் பூட்ட முடியாது; பூட்டினால் உள்ளே ஏதோ சண்டை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து தட்டுவார்கள்.

அப்பா நம் தூத்துக்குடிப் பக்கத்து நாசரேத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு இங்கே வந்தவர். அம்மா விடிகாலையில் தண்ணீர் பிடித்து வைத்ததும் சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு, அரிசி டின்னைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். அந்த முக்காடுதான் அவளுடைய அறைவீடு. அது தலையில் இருக்கும் வரை யாரும் கூப்பிடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். எப்போதாவது முக்காட்டுக்குள்ளிருந்து “பாலை இறக்கு” என்று குரல் வரும். கர்த்தர் அதையும் சேர்த்துத்தான் கேட்டிருப்பார்.

எனக்கு இப்போது 52 வயது. பைக்குலாவில் ஒரு மருத்துவமனையில் பில் கவுன்டரில் வேலை. ஊரிலிருந்து புதிதாக வந்து சபையில் சேரும் பிள்ளைகள், “அக்கா, விசுவாசத்தில் வளரணும்னு ஆசை, ஆனா நேரமும் இல்லை, இடமும் இல்லை” என்று சொல்வார்கள். நான் செய்துபார்த்ததை அவர்களுக்குச் சொல்வதுபோல எழுதுகிறேன்.

முதலில் இடம். இடத்தைத் தேடாதீர்கள், அடையாளத்தைத் தேடுங்கள். கூட இருக்கிறவர்கள் பார்த்ததும் ‘இப்போது இவனைத் தொந்தரவு செய்யக் கூடாது’ என்று புரிந்துகொள்ளும் ஏதாவது ஒன்று. ஆண்பிள்ளைகளுக்கு முக்காடு கிடையாது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டால் நம் ஊரில் வேறு அர்த்தம். ஐந்து பேரோடு அறையைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு தம்பி, மாடிப்படித் திருப்பத்தில் சுவரைப் பார்த்து உட்காருகிறான். முதல் வாரம் கேலி செய்தவர்கள் இப்போது அவனைத் தாண்டும்போது செருப்புச் சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறார்களாம்.

அப்புறம் வேதம். ஜனவரி ஒன்றாம் தேதி ஆதியாகமத்தில் கிளம்பி, பிப்ரவரியில் லேவியராகமத்தில் நின்றுபோகிறவர்கள் நிறையப் பேர். நானே நாலு வருஷம் அப்படி நின்றவள்தான். கணக்கு சுலபமாகத் தெரியும்: மொத்தம் 1,189 அதிகாரம், தினமும் மூன்று, ஞாயிறு ஐந்து என்று படித்தால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒரு நாள் விட்டால் மூன்று அதிகாரம் கடன், ஒரு வாரம் விட்டால் வட்டிக்கடை. கடன்காரி மாதிரி வேதத்தைத் திறந்தால் அதில் என்ன சந்தோஷம் இருக்கும்?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மாற்குவில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், நாலு சுவிசேஷங்களில் அதுதான் சின்னது. இயேசு அதில் ஓரிடத்தில் நிற்கமாட்டார். ‘உடனே’, ‘உடனே’ என்று அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டே இருப்பார். மும்பைக்காரர்களுக்குப் பழகின நடை. அது முடிந்ததும் 119-ம் சங்கீதம். 176 வசனம் என்று பயப்பட வேண்டாம். எபிரெய மொழியின் 22 எழுத்துகளுக்கும் எழுத்துக்கு எட்டு வசனமாக அதைக் கட்டியிருக்கிறார்கள். ஒரு நாளைக்கு எட்டு வசனம் போதும். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிற எனக்கு நாலு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது.

படிக்கும்போது ஆறுதலான வசனத்துக்கு அடிக்கோடு போடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள். உறுத்துகிற வசனத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காலண்டர் தாளைக் கிழித்ததும் நான் தூக்கிப் போடுவதில்லை. அதன் பின்பக்கத்தில் அன்றைக்கு உறுத்தினதை எழுதி டிபன் டப்பா பைக்குள் வைத்துக்கொள்வேன்.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் புது வருஷத்துக்கென்று கொடுக்கும் வாக்குத்தத்த அட்டையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அட்டையில் இருப்பது ஒரு வசனம். வீட்டுக்கு வந்து அந்த அதிகாரம் முழுவதையும் படியுங்கள். ஒரு வருஷம் எனக்கு எரேமியா 29:11 வந்தது, ‘தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே’ என்று. மகளுக்கு அந்த வருஷமே வரன் அமைந்துவிடும் என்று எடுத்துக்கொண்டேன். முழு அதிகாரத்தையும் படித்தபோதுதான் தெரிந்தது, அது பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம். முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. அதுவரைக்கும் என்ன செய்வது? வீட்டைக் கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும் என்று எழுதியிருக்கிறது. பிழைக்க வந்த ஊரை ‘நம்ம ஊர் இல்லை’ என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த எங்களுக்கு அது நல்ல குட்டு. அதற்கப்புறம்தான் எங்கள் சந்துக் குழாய்க்காகவும், எதிர் வீட்டு முஸ்லிம் குடும்பத்தின் பையனுடைய பரீட்சைக்காகவும் ஜெபிக்க ஆரம்பித்தேன்.

ஜெபத்துக்கு என் அறை லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டி. சயானில் ஏறினால் ஸ்லோ வண்டியில் பைக்குலா ஆறாவது ஸ்டேஷன். ‘புடீல் ஸ்டேஷன் மாட்டுங்கா’ (அடுத்த ஸ்டேஷன் மாட்டுங்கா) என்று மராத்தியில் அறிவிப்பு வந்ததும் வீட்டார் பெயரைத் தொடங்குவேன். தாதரில் யாருக்காகவும் ஜெபிக்க முடியாது. ஏறுகிற கூட்டத்தில் கைப்பிடியையும் பையையும் காப்பாற்றிக்கொண்டால் போதும். பரேலில் நோயாளிகள். அங்கே டாடா மெமோரியல் புற்றுநோய் மருத்துவமனையைச் சுற்றி, எங்கெங்கோ இருந்து வந்தவர்கள் நடைபாதையிலேயே படுத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு வார்த்தை தேட வேண்டியிருக்காது. கரி ரோட்டில், நான் கோபமாக இருக்கிற ஆளின் பெயர். அங்கிருந்து சிஞ்ச்போக்லிக்குத் தூரம் குறைவு, அந்த ஆளுக்கு அவ்வளவு போதும். கடைசித் துண்டுதான் எனக்கு.

உங்கள் வழி வேறாக இருக்கும். பஸ்ஸில் போகிறவர்கள் நிறுத்தத்தை வைத்துக்கொள்ளலாம், வீட்டில் இருக்கிறவர்கள் காயவைக்கும் துணியை வைத்துக்கொள்ளலாம்: யாருடைய சட்டையோ, அவருக்காக. வார்த்தையே வராத நாளும் உண்டு. அன்றைக்கு 13-ம் சங்கீதத்தை அப்படியே சொல்லிவிடுங்கள். ஆறே வசனம், ‘கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்’ என்றுதான் தொடங்குகிறது. அதன் முடிவில் வரும் பாட்டைக்கூடப் பாட முடியாத நிலை என்றால் 88-ம் சங்கீதம் இருக்கிறது. அது ஆறுதல் இல்லாமலே முடிகிறது. அதையும் வேதத்துக்குள் வைத்திருக்கிறார்களே என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

இதுவரை சொன்னதெல்லாம் எனக்குச் சுலபமாக வந்தது. வராதது, என் பாரத்தை இன்னொருவர் தூக்க விடுவது.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு நாட்களான லெந்து காலத்தில் பலர் மீன், கறி சேர்க்கமாட்டார்கள். அப்படி ஒரு லெந்துக்குக் கொஞ்சம் முன்னால் என் வீட்டுக்காரர் வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டது. நாலு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் என் முறை வரும்போது “எல்லாரும் சுகம், ஸ்தோத்திரம்” என்று சொல்லிவிட்டு, மற்றவர்களின் ஜெபக்குறிப்புக்கெல்லாம் உருகி உருகி ஜெபிப்பேன். மூன்றாவது வீட்டு ஆச்சிதான் கண்டுபிடித்தாள். “ஏ பிள்ளே, உன் வீட்ல மீன் வாசம் வந்து ரெண்டு மாசமாச்சே, லெந்து முடிஞ்ச பிறகும் சைவமா?” என்றாள். அன்றைக்குச் சாயங்காலம் ஒரு சட்டி பாங்டா மீன் குழம்போடு வந்து, “நீ எங்களுக்காக ஜெபிக்கலாம், நாங்க உனக்காக ஜெபிக்கக் கூடாதோ?” என்று கேட்டாள். எனக்கு அழுகையைவிட முதலில் கோபம்தான் வந்தது. கலாத்தியர் ஆறாம் அதிகாரத்தில் ‘அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே’ என்ற ஐந்தாம் வசனத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ‘ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து’ என்பது அதற்கு மூன்று வசனம் முன்னாலேயே இருக்கிறது.

அதற்கப்புறம் எங்கள் கூட்டத்தில் சில பழக்கங்களை மாற்றினோம். முதலில் பலகாரம். ஒரு வீட்டில் வடை, அடுத்த வீட்டில் வடையும் கேசரியும், அதற்கடுத்த வீட்டில் ஐஸ்கிரீம் என்று ஏறிக்கொண்டே போய், கையில் காசில்லாதவர்கள் ‘எங்க வீட்டில் இடம் பத்தாது’ என்று ஒதுங்க ஆரம்பித்திருந்தார்கள். நானும் அப்படித்தான் ஒதுங்கினேன். இப்போது எந்த வீடாக இருந்தாலும் சுக்குக் காப்பி மட்டும். இடம் பத்தாவிட்டால் வாசற்படியில், சந்தில் உட்காருகிறோம்.

ஒருவருடைய கஷ்டத்தை அவரே சொன்னால் ஒழிய வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வம்பு எவ்வளவு வேகமாகப் போகும் என்று சபைக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டாம். எட்டரைக்குக் கூட்டத்தை முடித்துவிடுகிறோம். விடிகாலைத் தண்ணீருக்கு எழுந்திருக்க வேண்டுமே. “எல்லாம் சுகம்” என்று ஒருவர் மூன்று வாரம் தொடர்ந்து சொன்னால், நாலாவது வாரம் ஆச்சி அவர் வீட்டுக்குப் போய்விடுகிறாள்.

ஒரு நோட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் குறிப்பும் தேதியும், வலது பக்கம் பதில் வந்த தேதி. எங்கள் நோட்டில் வலது பக்கத்தில் காலி வரிகள் நிறைய இருக்கின்றன. அவற்றை அடிப்பதில்லை, புது நோட்டு வாங்கும்போது முதல் பக்கத்தில் திரும்ப எழுதிக்கொள்கிறோம்.