தனுஷ்கோடிக்கு பூநாரை பாக்கப் போறீங்களா, முதல்ல நம்ம டேமுக்குப் போங்க

நம்ம கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கமிருந்து ராமேஸ்வரம் போறவங்க இப்பல்லாம் கோயிலோட சேத்து பூநாரையும் பாத்துட்டு வரணும்னு கெளம்பறாங்க. 2025 ஜூன்ல தனுஷ்கோடியில சுமார் 525 ஹெக்டேரை பூநாரை சரணாலயமா அரசு அறிவிச்சதுல இருந்து இது இன்னும் ஜாஸ்தி. தாராளமா போங்க. ஆனா பூநாரைய பாக்க ஒரு பயிற்சியும் வேணாம்ங்க, நாலடி ஒசரத்துல ரோஸ் கலர்ல நிக்கும், கொழந்தகூட காட்டிடும். அது கால்கிட்ட சேத்துல ஓடுற குட்டிக் குட்டிப் பறவைங்க இருக்கு பாருங்க, அதுலதான் விஷயமே. அதுல பலதும் நம்ம கிருஷ்ணகிரி கே.ஆர்.பி டேம் ஓரத்துக்கும் வருது, அதனால இங்கயே கத்துக்கிட்டுப் போனா அங்க போய் முழிக்க வேண்டியதில்ல.

1. பைனாகுலர்

8-க்கு 42-னு போட்டது வாங்குங்க. 8-ங்கறது எத்தன மடங்கு பெருசா காட்டும்ங்கறது, 42 முன்பக்க லென்ஸோட அகலம், மில்லிமீட்டர்ல. 20 மடங்கு 30 மடங்குனு ரோட்டோரம் விக்கிறத தொடாதீங்க, கை லேசா ஆடுனாலே பறவை காணாமப் போயிடும்.

வாங்குனதும் செட் பண்ணணும், இத நெறைய பேர் பண்றதே இல்ல. வலது கண்ண மூடிக்கிட்டு நடுச்சக்கரத்த திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவா வைங்க, அப்புறம் இடது கண்ண மூடிட்டு வலது பக்கம் கண்ணு வைக்கிற எடத்துல இருக்கிற வளையத்த மட்டும் திருப்புங்க. கண்ணாடி போட்டவங்க ரப்பர் கப்ப உள்ள தள்ளிக்கணும். பறவையப் பாத்த கண்ண எடுக்காம, பைனாகுலர கண்ணுக்குக் கொண்டு வாங்க. குனிஞ்சு பைனாகுலர எடுத்துட்டு நிமிந்து தேடுனா கெடைக்காது.

2. எங்க, எப்ப

அக்டோபர்லருந்து மார்ச் வரைக்கும் சீசன். கிருஷ்ணகிரி டேம், ஓசூர் ராமநாயக்கன் ஏரி, தர்மபுரிக்காரங்களுக்கு தொப்பையாறு டேம், இல்லனா உங்க ஊரு ஏரி, எதுவா இருந்தாலும் சரி, தண்ணி வத்தி ஓரத்துல சேறு தெரியணும், அவ்ளோதான். ஏரி ரொம்பி வழியிறப்ப வாத்து இருக்கும், உள்ளான் மாதிரி சேத்துல ஓடுற குட்டிப் பறவைங்க இருக்காது. காலையில சீக்கிரமா போய் சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி வர்ற மாதிரி நின்னுக்கோங்க, எதுத்து நின்னா எல்லாமே கருப்பாத்தான் தெரியும்.

3. பெருசுங்க

கொக்கு, மடையான், நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, முக்குளிப்பான், நாமக்கோழி. இதெல்லாம் ஒரு புத்தகத்த கையில வெச்சிக்கிட்டா ரெண்டு மூணு காலையில தானா வந்துடும், இதுக்கு மேல எழுதல.

4. சேத்துல ஓடுற குட்டிப் பறவைங்க

இங்கதான் எல்லாரும் விட்டுட்டு ஓடிடறாங்க, எல்லாமே பழுப்பா ஒரே மாதிரி இருக்குனு. கலர விடுங்க, நடைய பாருங்க. உப்புக்கொத்தினா நாலு அடி விறுவிறுனு ஓடும், டக்குனு நிக்கும், குனிஞ்சு ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். உள்ளான் அப்படி நிக்காது, நடந்துக்கிட்டே மூக்க விட்டுத் துழாவிக்கிட்டே போவும். இந்த ஒண்ணு பிடிபட்டாலே கூட்டத்த ரெண்டா பிரிச்சிடலாம்.

பட்டாணி உப்புக்கொத்திய ஃபோகஸ் பண்ணிப் பாருங்க, கண்ணச் சுத்தி மஞ்சளா மெல்லிசா ஒரு வளையம், கழுத்துல கருப்புப் பட்டை. கடலோரத்துல இருக்கிற கென்டிஷ் உப்புக்கொத்திக்கு அந்த மஞ்சள் வளையம் கெடையாது, கழுத்துப் பட்டையும் நடுவுல விட்டுப்போயிருக்கும். அதே மாதிரி சாதா உள்ளான் பின்பக்கத்த ஓயாம ஆட்டிக்கிட்டே இருக்கும், தோள்பட்டைகிட்ட வயித்து வெள்ளை மேல ஏறி ஆப்பு அடிச்ச மாதிரி தெரியும். பொரி உள்ளான் முதுகுல அரிசிப் பொரி தெளிச்சாப்ல புள்ளி, கண்ணுக்கு மேல வெள்ளைக் கோடு. பொரி உள்ளான்லாம் சைபீரியா வரைக்கும் போய்க் குஞ்சு பொரிச்சுட்டு வர்ற ஆளுங்க, நம்ம டேம் சேறு அதுக்குச் சாப்பாட்டுக் கடை.

5. எழுதி வைங்க

தேதி, எடம், நேரம், என்ன பறவை, எத்தன. மொபைல்ல இ-பேர்ட் ஆப்ல போட்டா ஆராய்ச்சி பண்றவங்களுக்கும் உதவும். மெர்லின் ஆப் பேர் சொல்லித் தரும், ஆனா அது சொன்னத அப்படியே நம்பாம நடையையும் மூக்கையும் பாத்து ஒத்துக்கோங்க. தெரியலனா உள்ளான் வகைனு போட்டா போதும், தப்பா ஒரு பேரு போடறதுக்கு அது எவ்வளவோ மேல்.

6. கிட்டப் போகாதீங்க

மேயுற பறவை தலைய நிமித்திட்டு அசையாம உங்களையே பாத்தா, அதான் எல்லை. ரெண்டடி பின்னாடி வந்துடுங்க. கோடையில ஆள்காட்டிப் பறவை தலைக்கு மேல கத்திக்கிட்டே சுத்துனா வெறும் தரையில எங்கயோ முட்ட இருக்குனு அர்த்தம், தேடாதீங்க, வந்த வழியிலயே திரும்பிடுங்க. முட்டைக்குப் பக்கத்துல ஒக்காந்து ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடறதெல்லாம் எனக்கு சுத்தமா புடிக்காது. அதுக்குள்ள காக்காவும் நாயும் மோப்பம் புடிச்சிடும். கவுதாரிக்கு காடைக்கு கண்ணி வெச்சிருக்கிறத பாத்தீங்கன்னா 1972 வனவிலங்குச் சட்டப்படி அது குத்தம், நீங்களே சண்டைக்குப் போகாம வனத்துறைக்கு சொல்லுங்க.

7. இப்ப தீவுக்கு

ஜனவரி, பிப்ரவரி நல்ல மாசம். ராமேஸ்வரத்துலருந்து தனுஷ்கோடி போற வழியில கோதண்டராமர் கோயில் பக்கம் ஆழமில்லாத தண்ணியில பூநாரை மேயும். ரோட்டுலயே நில்லுங்க, வண்டிய சேத்துல எறக்காதீங்க. ஃபோட்டோவுக்காக கூட்டத்தப் பறக்க விடறவங்களப் பாத்தா பக்கத்துலயே நின்னு சொல்லுங்க, ஒவ்வொரு தடவை எழும்புறப்பவும் அது மேய்ச்சல விட்டுட்டு தெம்ப செலவழிக்குது. மணல்ல ஆலாங்கற கடல் பறவையும் உப்புக்கொத்தியும் தரையிலதான் முட்டை வைக்கும், கோடையில போனா கால் வைக்கிற எடத்தப் பாத்து வைங்க. நம்ம ஏரியில நேரம் பாத்தா போதும், அங்க தண்ணி எறங்கி சேறு தெரியிற நேரத்தையும் பாக்கணும். மீன்புடிக்கிற அண்ணங்ககிட்ட கேளுங்க, எந்தப் பக்கம் எப்ப எறங்கும்னு அவங்களுக்குத்தான் அத்துப்படி. மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவும் தேசியப் பூங்கா, படகுக்காரர் கூப்பிட்டாலும் அனுமதியில்லாம எறங்காதீங்க. அறுந்த வலை, தூண்டில் நரம்பு கெடந்தா சுருட்டி பையில போட்டுக்கோங்க, கால்ல சிக்குனா பறவைக்கு எடுக்கத் தெரியாது. சாயங்காலம் ஆனா அந்த ரோட்டுல இருந்து திருப்பி அனுப்பிடுவாங்க, அதனால காலையிலயே போயிடுங்க.

லீவு கெடைக்கல, பஸ்ஸு கெடைக்கலனா கவலப்படாதீங்க. ஜனவரியில பொங்கல ஒட்டி நாலு நாளைக்கு பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், வீட்டு மாந்தோப்புல 15 நிமிஷம் நின்னு பாத்த எல்லாத்தையும் இ-பேர்ட்ல போட்டாலே அதுல சேந்துடும்.